இலக்கங்களும் ஓர் எழுதுவினைஞரும்

பொருள்களுக்குப் பெயரிடுதல் மனிதனின் மிகப் பழைய தொழில்களுள் ஒன்று. பெயர்கள் பெருகி மயக்கந் தந்தபோது அவன் இலக்கத்தைத் துணைக்கு அழைத்தான். வீட்டுக்கு இலக்கம், வங்கிக் கணக்குக்கு இலக்கம், பரீட்சை மண்டபத்தில் அமரும் மாணவனுக்குச் சுட்டிலக்கம் என இன்றைய வாழ்வு இலக்கங்களினூடே நடைபெறுகின்றது. இலக்கியம் பயில்வோர் இலக்கத்தைக் கண்டு முகஞ்சுளிப்பது வழக்கம். அது உயிரற்றது, மனிதனை மறைப்பது என்பது அவர்தம் குறை. இக்குறை முற்றும் பொய்யன்று. ஆயினும், முறையாக இடப்பட்ட ஓர் இலக்கத்தின் பின்னால் பொறுப்புள்ள மனிதன் ஒருவன் நிற்கின்றான் என்பதும், அவன் இல்லாதபோது அவ்விலக்கம் என்ன ஆகின்றது என்பதும் எண்ணிப்பார்க்கத் தக்கவை. கொழும்பை அடுத்த தொழிற்சாலை ஒன்றில் இருபத்தேழு ஆண்டுகள் பதிவேடு எழுதிய ஒருவரின் அனுபவம் இதற்குச் சான்று.

அவர் யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவர். க. பொ. த. உயர்தரத்தில் தமிழையும் அளவையியலையும் பயின்றவர். பல்கலைக்கழகம் புகும் வாய்ப்புச் சிறிதளவு புள்ளிகளாற் தவறிப்போக, 1978ஆம் ஆண்டு இரத்மலானைப் பகுதியிலிருந்த ஒரு சிறு கொம்பனியில் எழுதுவினைஞராகச் சேர்ந்தார். தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்து வாட்டுவதற்கு வேண்டிய விசிறிகளை அக்கொம்பனி செய்து வந்தது. பறித்த கொழுந்தை நீண்ட தொட்டிகளிற் பரப்பிக் கீழிருந்து காற்றை ஊட்டி ஈரத்தைப் போக்குதல் தேயிலை ஆக்கத்தின் முதற்படி. பன்னிரண்டு மணி நேரமும் அதற்கு மேலும் அது நீளும். இரவில் விசிறி நின்றால், பகலெல்லாம் நூறு கைகள் பறித்த கொழுந்து விடியுமுன் கெட்டுப்போகும்.

அக்காலத்தில் அந்நிறுவனத்தின் பட அறையில் ஒரு பொறியியலாளரும் இரண்டு படவரைஞர்களும் இருந்தனர். பக்கத்து மண்டபத்தில் இரண்டு கடைசல் இயந்திரங்களும் ஒரு பொருத்துமிடமும் இருந்தன. பட அறையின் மூலையில் இவருடைய மேசை. இவருக்கு ஒப்படைக்கப்பட்ட வேலைகளுள் ஒன்று, 'சேஞ்ச் ஓடர்' என்று அங்கு வழங்கிய மாற்றக் கட்டளைகளைப் பதிவு செய்தல்.

மாற்றக் கட்டளை என்பது யாது? ஓர் இயந்திரத்தின் வரைபடம் ஒருமுறை வரையப்பட்டதும் முடிந்துவிடுவதில்லை. மலைநாட்டிலிருந்து குறை ஒன்று தெரிவிக்கப்படும். உருக்குத் தகட்டின் தடிப்புச் சந்தையில் மாறும். துளை ஒன்று வேறிடத்தில் இருப்பின் பொருத்துதல் எளிது எனத் தொழிலாளி சுட்டிக்காட்டுவார். வரைபடத்தைத் திருத்த வேண்டும். அத்திருத்தம் பட அறைக்கு மட்டும் தெரிந்தாற் போதாது. கடைசற் பகுதிக்கும், களஞ்சியத்துக்கும், கொள்வனவுப் பகுதிக்கும், ஏற்கெனவே விற்ற இயந்திரங்களுக்குப் பாகம் அனுப்புவோருக்கும் தெரிய வேண்டும். எந்த வரைபடம், என்ன மாற்றம், எக்காரணத்தால், எந்த இயந்திரத்திலிருந்து அது தொடங்குகின்றது, களஞ்சியத்திலுள்ள பழைய பாகங்களை என்ன செய்வது, எவர் அனுமதித்தார் என்னும் ஆறு வினாக்களுக்கும் விடை தரும் ஒற்றைத் தாள்தான் மாற்றக் கட்டளை. அதன் வலது மேல் மூலையில் ஓர் இலக்கம் இருக்கும். இவர் இட்டது அந்த இலக்கத்தை.

தொடக்கத்தில் எல்லாம் எளிதாக இருந்தது. ஒரு சீ. ஆர். கொப்பியைத் திறந்து ஒன்று, இரண்டு, மூன்று என எழுதத் தொடங்கினார். முதலாம் ஆண்டில் முப்பத்தொரு மாற்றங்கள். "பதினேழு எப்படி, சரிவந்ததோ?" என்று பொறியியலாளர் கேட்டால், பதினேழு எதுவென்று பட அறையிலிருந்த நால்வருக்கும் கடைசற் பகுதித் தலைவருக்கும் தெரியும். சிற்றூரில் வீடுகளுக்கு இலக்கம் வேண்டாததுபோல அங்கு இலக்கத்துக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. ஐந்து பேரின் ஞாபகமே பதிவேடு. கொப்பி அதற்கு ஒரு துணை.

1977இன் பின்னர் திறந்த பொருளாதாரம் வந்தது. கொம்பனி வளர்ந்தது. விசிறியோடு உலர்த்திகளின் பாகங்களும், சல்லடை இயந்திரங்களும் செய்யத் தொடங்கினர். மின்பகுதி எனத் தனிப்பிரிவு ஒன்று உருவாகியது. 1980இல் வந்த புதிய முகாமையாளர் வெறும் தொடரிலக்கத்தைப் பார்த்து நகைத்தார். இலக்கத்தைப் பார்த்த மாத்திரத்தே பொருள் விளங்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அதன்படி புதிய முறை வகுக்கப்பட்டது. முதலில் இயந்திரத்தைக் குறிக்கும் எழுத்து, அடுத்து ஆண்டின் ஈற்றிரு இலக்கங்கள், பின் பகுதியைக் குறிக்கும் எழுத்து, இறுதியில் இரண்டு இலக்கத் தொடரெண். 'எஃப் 80 எம் 07' என்றால் 1980ஆம் ஆண்டு விசிறியில் இயந்திரப் பகுதியினர் செய்த ஏழாவது மாற்றம். காண்பதற்கு அழகான ஏற்பாடு.

அழகு ஓராண்டு நீடித்தது. பின்னர் வினாக்கள் எழுந்தன. விசிறிக்கும் உலர்த்திக்கும் பொதுவான தாங்கி ஒன்றை மாற்றினால் எந்த எழுத்தை இடுவது? மோட்டரைப் பிடிக்கும் தட்டு இயந்திரப் பகுதியைச் சேர்ந்ததா, மின்பகுதியைச் சேர்ந்ததா? மார்கழியில் எழுதித் தையில் அனுமதி பெற்ற கட்டளைக்கு எந்த ஆண்டு? விசிறி மாற்றம் என்று இலக்கமிட்டபின் அது சல்லடைக்கும் உரியது எனக் கண்டால், ஊரெல்லாம் சென்றுவிட்ட தாளில் எழுத்தை மாற்றுவது எப்படி? மாற்றாமல் விட்டால் இலக்கம் பொய் சொல்லும். மாற்றினால் ஒரு கட்டளைக்கு இரண்டு இலக்கங்கள். ஒரு மாற்றத்தைப் பற்றி ஆராய்வதற்குச் செலவிட்ட நேரத்தைவிட, அதற்கு எந்த எழுத்தை இடுவது என வாதிடுவதில் அதிக நேரம் கழிந்த நாள்களும் உண்டு. 1981 கார்த்திகையில் விசிறிப் பகுதியின் தொடரெண் தொண்ணூற்றொன்பதைத் தொட்டது. அடுத்ததற்கு இடமில்லை.

எழுதுவினைஞருக்கு அப்போது தாம் பாடசாலையிற் கற்ற இலக்கணம் நினைவுக்கு வந்தது. பெயர்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் எனத் தமிழிலக்கணம் வகுக்கும். மரம் என்பதற்கு அப்பெயர் வந்ததற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. இட்டு வழங்கினர், அவ்வளவே. நாற்காலி என்பது காரணப்பெயர். நான்கு கால்கள் உடைமையால் அப்பெயர் பெற்றது. ஒருநாள் தச்சன் மூன்று காலில் ஓர் இருக்கையைச் செய்தால், நாற்காலி என்ற பெயர் அதற்குப் பொருந்தாது. மரம் எத்தனை கிளை விட்டாலும் மரமே. மாறாத பொருளுக்குக் காரணப்பெயர் தகும். மாற்றத்தையே பொருளாகக் கொண்ட தாளுக்கு இடுகுறிதான் தகும். இதனை அவர் முகாமையாளரிடம் இலக்கணமாகச் சொல்லவில்லை. இயந்திரம், ஆண்டு, பகுதி ஆகியவற்றை இலக்கத்துள் திணிக்காமல் பதிவேட்டில் தனித்தனிப் பத்திகளாக எழுதிவிட்டால், எழுத்துத் தவறானாலும் பத்தியிலே திருத்தலாம், இலக்கம் அசையாது என்று மட்டும் சொன்னார். முகாமையாளர் தொண்ணூற்றொன்பதின் நெருக்கடியில் இருந்தார், உடன்பட்டார்.

1982 தை முதல் மீண்டும் தொடரிலக்கம் வந்தது. ஆனால் ஒன்றிலிருந்து அன்று. பழைய சீ. ஆர். கொப்பி எண்பத்தேழில் நின்றிருந்தது. மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கினால் பழைய பதினேழும் புதிய பதினேழும் ஒருநாள் ஒரே மேசையிற் சந்திக்கும். ஆதலால் நூற்றொன்றிலிருந்து தொடங்கினார். தடித்த அட்டையிட்ட பெரிய பதிவேடு வாங்கப்பட்டது. இலக்கம் கொடுப்பது ஒரே புத்தகம், ஒரே கை என்பது விதி. பதிவேடு அவருடைய மேசை இழுப்பறையில் இருக்கும். திறப்பு அவருடைய சட்டைப்பையில் இருக்கும். இதில் உள்ள குறை அப்போது எவர் கண்ணிலும் படவில்லை.

1983 ஜூலை 22, வெள்ளிக்கிழமை, 213ஆம் இலக்கத்தை எழுதி இழுப்பறையைப் பூட்டிக்கொண்டு அவர் வீடு சென்றார். திங்கட்கிழமை வேலைக்குச் செல்லவில்லை. அந்தத் திங்கட்கிழமை கொழும்பில் நிகழ்ந்தவற்றை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. மனைவியோடும் மூன்று வயதுக் குழந்தையோடும் இரத்மலானை விமான நிலையத்து அகதி முகாமில் சில நாள்கள் இருந்தார். பின்னர் கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கினார். வீட்டிலிருந்த எதுவும் எஞ்சவில்லை. முகாமில் உடையை மாற்றியபோது சட்டைப்பையில் இழுப்பறைத் திறப்பு இருந்தது. அதை அவர் எறிந்துவிடவில்லை.

தொழிற்சாலை இரண்டு வாரங்களில் மீண்டும் இயங்கத் தொடங்கியது. மாற்றங்கள் காத்திருப்பதில்லை. இழுப்பறையை உடைக்க எவரும் முன்வரவில்லை. அது பண்பாகவும் இருக்கலாம், கூச்சமாகவும் இருக்கலாம். பட அறையினர் கோவையைப் பார்த்தனர். இறுதியாக இருந்த காபன் பிரதி 213. ஒரு கொப்பியை எடுத்து 214 என எழுதினர். மின்பகுதியினரிடமும் 213இன் பிரதி ஒன்று இருந்தது. அவர்களும் ஒரு கொப்பியை எடுத்து 214 என எழுதினர். இரு சாராரும் நேர்மையாகவே நடந்தனர். இருவரும் சரியாகவே எண்ணினர். முந்தியதோடு ஒன்றைக் கூட்டுவதில் எவரும் பிழைவிட முடியாது. ஒரே நேரத்தில் இருவர் கூட்டினால் மட்டுமே பிழை பிறக்கும்.

பட அறையின் 214, விசிறியின் அடித்தட்டைப் பிடிக்கும் போல்ட்டுகளை நீளங்கூட்டுவது பற்றியது. மின்பகுதியின் 214 வேறு. அதுவரை வாங்கிய மோட்டர்களின் தண்டு ஒன்றே அரைக்கால் அங்குல விட்டமுடையது. அதாவது 28.575 மில்லிமீற்றர். நாடு மெற்றிக் அளவைக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. புதிதாக வாங்கத் தொடங்கிய மோட்டர்களின் தண்டு 28 மில்லிமீற்றர். ஆகவே விசிறிக் குடத்தின் துளையையும் 28 மில்லிமீற்றராகக் கடைய வேண்டும் என்பது அக்கட்டளை. வேறுபாடு அரை மில்லிமீற்றருக்குச் சற்று மேல். கண்ணுக்கு அது ஒன்றுமில்லை. நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான முறை சுழலும் குடத்துக்கு அதுவே எல்லாம்.

கடைசற் பகுதித் தலைவரான முதிய பாஸ், பட அறையின் 214ஐப் பெற்று, போல்ட்டுகளைச் செய்து, தம் பலகையில் 214க்கு நேரே சரி அடையாளம் இட்டார். மின்பகுதியின் தாள் அவரிடம் நேரே வரவில்லை. களஞ்சியத்துக்கு மோட்டரோடு சென்றது. களஞ்சியத்திலிருந்து ஒரு துண்டு வந்தது. "214 முடிந்ததா?" என்று அதில் எழுதியிருந்தது. பாஸ் பலகையைப் பார்த்தார். முடிந்தது என்று மறுமொழி எழுதினார். அவர் எழுதியது உண்மை. பழைய அளவிற் கடைந்த குடங்கள் புதிய மோட்டர்களோடு பொருத்துமிடத்துக்குச் சென்றன. குடம் சற்றுத் தளர்வாக இருப்பதைக் கண்ட தொழிலாளி, அத்தகைய இடங்களிற் செய்யும் வழக்கப்படி, மெல்லிய தகரத் துண்டொன்றைச் சுற்றி ஆப்பை அடித்து இறுக்கினார். மூன்று விசிறிகள் மலைநாட்டுக்கு அனுப்பப்பட்டன.

1984 தை மாதத்து இரவொன்றில் அவற்றுள் ஒன்றின் குடம் தண்டிலிருந்து நழுவியது. இறகொன்று முறிந்து கூட்டைப் பிளந்துகொண்டு வெளியே பாய்ந்தது. இரவு வேலையிலிருந்த தொழிலாளியின் முன்கை இரண்டிடங்களில் முறிந்தது. ஒரு நாட் கொழுந்து பாழாயிற்று. கொழுந்தின் பெறுமதியைத் தோட்டத்துக்குக் கொம்பனி ஈடுசெய்தது. தொழிலாளியின் கை முன்போல ஒருபோதும் நிமிரவில்லை என்று பின்னர் அறியவந்தது.

எழுதுவினைஞர் 1984 மார்ச் 5ஆந் திகதி வேலைக்குத் திரும்பினார். குடும்பம் ஊரில் இருந்தது. தாம் மட்டும் வந்தார். சட்டைப்பையிலிருந்த திறப்பால் இழுப்பறையைத் திறந்தபோது பதிவேடு 213இல் அவ்வாறே நின்றது. அன்று பிற்பகலே விசாரணைக்கு அழைக்கப்பட்டார். பதிவேட்டுக்குப் பொறுப்பானவர் என்ற முறையில் விளக்கம் எழுதித்தரும்படி கேட்டனர். தாம் கடமையில் இல்லாத காலத்தில் இரு பகுதியினர் தனித்தனியே இலக்கமிட்டமையால் 214 முதல் 229 வரை பதினாறு இலக்கங்கள் இரட்டித்துள்ளன என்றும், திறப்பைப் பிறரிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு இல்லாமை தமது குறை என்றும் அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். தாம் ஏன் கடமையில் இல்லை என்பதை அவர் எழுதவில்லை. கேட்டவர்களும் கேட்கவில்லை. வருகைப் பதிவேட்டில் அந்த ஏழு மாதங்களுக்கும் நேரே 'லீவு' என்ற ஒரே சொல் இருந்தது.

இரட்டித்த இலக்கங்களை என் செய்வது என்பதில் இளம் பொறியியலாளருக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு எழுந்தது. மின்பகுதியின் பதினாறுக்கும் புதிய இலக்கங்களை இட்டுவிட்டால் எல்லாம் ஒழுங்காகும் என்றார் பொறியியலாளர்.

"தம்பி, வெளியிலை போன தாளைத் திருப்பி எடுக்கேலாது. தோட்டத்துக் கோவையிலை 214 எண்டு கிடக்கும். நாங்கள் இஞ்சை 245 எண்டு மாத்தினால், நாளைக்கு அவன் 214ஐக் கேக்கேக்கை நாங்கள் போல்ட்டை அனுப்புவம்" என்றார் இவர்.

"அப்ப பிழையை அப்பிடியே வைச்சிருக்கச் சொல்லுறியளோ, ஐயா?"

"வைச்சிருக்கத்தான் வேணும். பிழை எண்டு எழுதி வைச்சிருப்பம்."

அவ்வாறே செய்யப்பட்டது. பதினாறு இலக்கங்களும் பதிவேட்டில் இரண்டிரண்டு வரிகளாக எழுதப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் நேரே மற்றையதைப் பார்க்க என்ற குறிப்பு இடப்பட்டது. புதிய தொடர் 301இல் தொடங்கியது. திறப்புகள் இரண்டாயின, பிரதிப் பொறுப்பாளர் ஒருவர் நியமிக்கப்பட்டார். பகுதிகள் பெருகியபோது, வங்கி காசோலைப் புத்தகம் வழங்குவது போல, ஐம்பது ஐம்பதாக இலக்கங்கள் முன்னரே பிரித்துக் கொடுக்கப்பட்டன. ஒருவர் கையிலுள்ள ஐம்பதும் பிறர் கைக்கு வாரா. கைவிட்ட கட்டளையின் இலக்கம் மீண்டும் எவருக்கும் வழங்கப்படாது. 'கைவிடப்பட்டது' என்ற சொல்லோடு அது பதிவேட்டிலேயே இருக்கும்.

இச்சிறு தொழிற்சாலையில் நேர்ந்தது, ஒரே இலக்கம் இரண்டு மாற்றங்களைச் சுமந்ததால் வந்த கேடு. மாற்றம் இலக்கமே பெறாமல் நடந்தால் என்ன நேரும் என்பதற்கு உலகின் மிகப் பெரிய கொம்பனிகளுள் ஒன்றின் வரலாறு சான்று. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் செய்த செவ்ரலே கோபோல்ட், சற்றேர்ன் அயன் முதலிய சிறு கார்களில் தீமூட்டும் ஆளி பலவீனமாக இருந்தது. திறப்பு, ஓட்ட நிலையிலிருந்து தானே நழுவக்கூடியதாயிருந்தது. நழுவினால் ஓடும் காரின் எஞ்சின் நின்றுவிடும். மோதலின்போது உயிர்காக்க விரிய வேண்டிய காற்றுப்பைகள் விரியா. 2006ஆம் ஆண்டு ஏப்ரலில் அவ்வாளியின் உள்ளுறுப்பைத் திருத்தும் மாற்றத்துக்கு அந்நிறுவனத்தின் பொறியியலாளர் ஒருவர் அனுமதி அளித்தார். பாகம் திருந்தியது. ஆயின் பாகத்தின் இலக்கம் மாற்றப்படவில்லை. பழைய ஆளியும் புதிய ஆளியும் ஒரே இலக்கத்தோடு உலவின.

பின்னர் விபத்துகளை ஆராய்ந்தோருக்குப் புதிர் ஒன்று எதிர்ப்பட்டது. பழைய கார்களில் நேர்ந்த விபத்து புதியவற்றில் ஏன் நேரவில்லை? ஆளி மாறியதோ என்று பார்த்தால், இலக்கம் மாறவில்லை என்று ஆவணம் கூறிற்று. ஆகவே காரணம் வேறெங்கோ இருக்க வேண்டும் என்று ஆண்டுகள் பல கழிந்தன. ஜோர்ஜியா மாநிலத்தில் 2010இல் இறந்த பெண்ணொருத்தியின் பெற்றோர் தொடுத்த வழக்கில், பழைய ஆளியையும் புதிய ஆளியையும் பிரித்து அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் உள்ளுறுப்பின் நீளம் வேறுபடுவது வெளிப்பட்டது. 2014இல் ஏறத்தாழ இருபத்தாறு இலட்சம் கார்கள் மீள அழைக்கப்பட்டன. நட்டஈட்டு நிதியம் 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. 2015இல் குற்றவியல் விசாரணையை முடித்துக்கொள்ள அந்நிறுவனம் தொண்ணூறு கோடி டொலர் செலுத்த உடன்பட்டது. பாகத்தின் உருவம், பொருந்தும் அளவு, ஆற்றும் பணி ஆகிய மூன்றுள் ஒன்று மாறினாலும் புதிய இலக்கம் இட வேண்டும் என்பது பொறியியலாளர் எல்லோரும் அறிந்த பழைய விதி. அவ்விதியைக் காத்திருந்தால் பலவீனமான ஆளி பலவீனமாகவே இருந்திருக்கும். ஆயினும் அதைத் தேடியோர் பல ஆண்டுகளுக்கு முன்னரே கண்டிருப்பர்.

இவ்வாறாயின் பொருளுணர்த்தும் இலக்கமே வேண்டாவோ எனில், அதுவும் முடிந்த முடிபன்று. நூலகத்தின் இலக்கங்களை நோக்குக. அமெரிக்கரான மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட வகுப்பு முறையில் இலக்கமே நூலின் பொருளைச் சொல்லும். அங்கு அது இன்றியமையாதது. ஒரு பொருள்பற்றிய நூல்கள் ஒரே தட்டில் அடுத்தடுத்து நிற்க வேண்டும். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான சீர்காழி இரங்கநாதன், 1933இல் தமது கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். அறிவு வளரும், வளர்வதற்கு இலக்கம் இடங்கொடுக்க வேண்டும் என்பது அவருடைய பெருங் கவலை. ஆதலால் ஒன்று முதல் எட்டு வரையே பொருள்களுக்கு வழங்கி, ஒன்பதை வாயிலாக வைத்தார். எட்டும் நிரம்பினால் 91, 92 எனத் தொடரலாம். அவையும் நிரம்பினால் 991 எனத் தொடரலாம். தொண்ணூற்றொன்பதில் முட்டி நின்ற விசிறி இலக்கத்தை வகுத்தவர் இந்த ஒன்பதின் நுட்பத்தை அறிந்திருந்தால் சில மாதங்களேனும் தப்பியிருப்பார். நூலக இலக்கம் பொருளின் இடத்தைச் சொல்லுகின்றது. மாற்றக் கட்டளையின் இலக்கம் இன்னது இதுவன்றி வேறன்று என்று மட்டும் சொல்லுகின்றது. ஒன்றின் வேலையை மற்றையதன் தலையில் ஏற்றுவதே தவறு.

1994இல் கொம்பனிக்குக் கணினி வந்தது. பதிவேட்டை அதனுள் இடுவதற்கு வந்த இளைஞர், இயந்திரத்துக்கு ஓர் எழுத்து, பகுதிக்கு ஓர் எழுத்து என முதல்நாளே தொடங்கினார். எழுதுவினைஞர் 1981ஆம் ஆண்டுத் தாள்களை எடுத்து அவர் முன் வைத்தார். இளைஞர் நல்லவர், படித்துப் பார்த்தார், எழுத்துகளைக் கைவிட்டார். மாறாக அவரிடமிருந்து இவர் ஒன்று கற்றுக்கொண்டார். கணினி சில வேளைகளில் எண்ணை எழுத்தாகவே கருதி வரிசைப்படுத்துமாதலால், இரண்டுக்கு முன் பத்து வந்துவிடும். முன்னே சுழியங்களை இட்டு எல்லா இலக்கங்களையும் ஒரே நீளமாக்கினால் அது நேராது. எத்தனை சுழியம் போதும் என்று இளைஞர் கேட்டார். இக்கொம்பனி எவ்வளவு வளரும் என்று எண்ணுகின்றீரோ அதைவிட ஒன்று கூட என்றார் இவர்.

2005இல் அவர் ஓய்வு பெற்றார். இறுதி நாளன்று தம் இடத்துக்கு வந்த பெண்ணுக்குப் பழைய பதிவேடுகளைக் காட்டினார். எல்லாம் கணினியில் இருக்க இவை எதற்கென்று அவள் கேட்கவில்லை; பக்கங்களைப் புரட்டினாள். 229க்கு அடுத்த வரி 301ஆக இருப்பதைக் கண்டு, இடையிலுள்ள எழுபத்தொரு கட்டளைகளும் தொலைந்துபோயினவோ என வினவினாள். அவர் அப்பக்கத்தின் ஓரத்தைச் சுட்டினார். நீல மையில், சிறிய தெளிந்த எழுத்தில், 1984ஆம் ஆண்டு எழுதிய குறிப்பு அங்கு இருந்தது. '1983 ஜூலை 25 முதல் 1984 மார்ச் 4 வரை பதிவேட்டாளர் கடமையில் இல்லை. 230 முதல் 300 வரை இலக்கங்கள் வழங்கப்படவில்லை. தொலைந்தவை எவையும் இல்லை.'

அக்கடைசி வாக்கியம் மாற்றக் கட்டளைகளைப் பற்றியது. அவர் பதிவேடு எழுதியவர். தம் பொறுப்பில் இருந்தவற்றுக்கு மட்டுமே அவர் கணக்குச் சொன்னார். வேறு கணக்குகள் வேறு பதிவேடுகளில் எழுதப்பட்டிருக்க வேண்டியவை. அவற்றுக்குப் பொறுப்பானவர்கள் எங்கே என்று கேட்பதும் பிழையை மறையாது பிழை என்று எழுதிவைப்பதும், எளிய எழுதுவினைஞர் ஒருவரின் பதிவேட்டிலிருந்து கற்கத்தக்க பாடங்கள்.